பாலர் வகுப்பறையில் அதிகாரம்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

அதிகாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் அரசையும் நீதிமன்றத்தையும் படையையும் நாடுகிறது. மெய்யியலாளரும் அவற்றையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். ஆளுவோன் எவ்வுரிமையால் ஆளுகிறான், ஆளப்படுவோன் எதன்பொருட்டுப் பணிகிறான் என்னும் வினாக்கள் பிளேட்டோ காலந்தொட்டு இற்றைவரை ஓயாது எழுப்பப்பட்டு வருகின்றன. ஆனால், குடும்பத்துக்கு வெளியே நம்மிற் பெரும்பாலோர் முதன்முதலாகச் சந்தித்த அதிகாரம் ஒரு பாலர் வகுப்பு ஆசிரியையினுடையது. அவர் எழச் சொன்னபோது எழுந்தோம். அமரச் சொன்னபோது அமர்ந்தோம். நீர் அருந்துவதற்கும் வெளியே செல்வதற்கும் அவரது இசைவை வேண்டி நின்றோம். அந்த அதிகாரத்தின் ஒழுக்க அடிப்படை யாது, அது எவ்வாறு கையாளப்படுதல் தகும் என்னும் வினாவை மெய்யியல் நூல்கள் அரிதாகவே எழுப்புகின்றன. அதனை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வியியல் பயிலும் மாணவர் என்ற முறையில், கற்பித்தற் பயிற்சியின் பொருட்டு ஒரு பாலர் பாடசாலையில் ஒரு தவணைக் காலம் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான்கு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட 24 பிள்ளைகள் அவ்வகுப்பில் இருந்தனர். அங்கு கண்டவற்றுட் சிலவற்றை இங்கு எடுத்தாளுவேன். எந்தப் பாலர் வகுப்பறையிலும் எவரும் காணக்கூடியவை அவை. அதனாலேயே அவை சிந்தனைக்கு உரியனவாகின்றன.

இவ்வதிகாரத்தின் பரப்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஒரு குடிமகன் எப்போது உண்பது, எப்போது பேசுவது, எவரருகே அமர்வது, எப்போது மலசலகூடத்துக்குச் செல்வது என்பவற்றை அரசு விதிப்பதில்லை. அவ்வாறு விதிக்கப்படும் இடத்தை நாம் சிறைச்சாலை என்போம். பாலர் வகுப்பில் இவை யாவும் ஆசிரியையின் சொல்லாலேயே நடைபெறுகின்றன. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. அவ்வயதுப் பிள்ளைக்கு ஒழுங்கு இன்றியமையாதது. அடுத்து என்ன நிகழும் என்பதை அறியாத சிறு பிள்ளை மகிழ்வதில்லை, அஞ்சவே செய்கிறது. ஆயினும், ஒருவரின் அன்றாட வாழ்வு இத்துணை முழுமையாக மற்றொருவரின் கையில் ஒப்படைக்கப்படும் இடங்கள் சமுதாயத்தில் மிகச் சிலவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

விரிந்த அதிகாரத்தை மட்டுப்படுத்துவதற்கு மனிதர் பொதுவாக மூன்று வழிகளைக் கைக்கொண்டுள்ளனர். அதிகாரத்துக்கு உட்படுவோர் அதனைத் தாமே தெரிந்தெடுக்கலாம், அல்லது விட்டு நீங்கலாம். தமக்கு நேர்ந்த தீங்கை மூன்றாமவரிடம் முறையிடலாம். நேர்ந்ததை நினைவில் இருத்திப் பிற்காலத்தில் ஆளுவோரைத் தீர்ப்பிடலாம். பல்கலைக்கழக மாணவராகிய நாம் இம்மூன்றையும் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். விரும்பாத பாடத்தை மாற்றுகிறோம். விடைத்தாளை மீளப் பரிசீலிக்குமாறு விண்ணப்பிக்கிறோம். விரிவுரையாளர் ஒருவரின் கடுஞ்சொல்லைப் பட்டம் பெற்று இருபது ஆண்டுகளின் பின்னரும் நண்பர் கூட்டத்தில் எடுத்துரைக்கிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இம்மூன்றும் ஏறக்குறைய மறுக்கப்பட்டுள்ளன.

பாடசாலையைத் தெரிவுசெய்வோர் பெற்றோர். ஆசிரியையைப் பெற்றோரும் தெரிவுசெய்வதில்லை. முறையிடுவதற்கோ பிள்ளையிடம் போதிய மொழி இல்லை. வீடு திரும்பியதும் அது "ரீச்சர் ஏசினவ" என்று மட்டுமே கூறும்; எதற்காக, எதன் பின்னர், எவ்வளவு கடுமையாக என்பவற்றைக் கோத்துச் சொல்லும் ஆற்றல் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை. அச்சிறு துண்டு வாக்கியம் ஆசிரியையின் நிறைவான விளக்கத்துக்கு எதிராக நிறுத்தப்படும்போது எது வெல்லும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

நினைவின் நிலை இவற்றிலும் வியப்பானது. வளர்ந்தோர் தம் வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பெரும்பாலும் எதனையும் நினைவுகூர்வதில்லை. அதனை அடுத்த சில ஆண்டுகளிலிருந்தும் மிகச் சிலவற்றையே மீட்டெடுக்கின்றனர். சிக்மண்ட் புரொய்ட் 1905 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைக் குழந்தைப்பருவ மறதி என்று குறித்தார். அவர் கூறிய காரணத்தைப் பின்வந்த உளவியலாளர் பலர் ஏற்கவில்லையாயினும், மறதி உண்டென்பதை எவரும் மறுக்கவில்லை. வாசகர் தாமே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். அரிவரியிற் கழித்த நூற்றுக்கணக்கான நாள்களில் இன்று நினைவில் நிற்பவை எத்தனை? ஒரு பாயின் நிறம், ஒரு மணியோசை, யாரோ ஒருவர் அழுத அழுகை என்றவாறு மூன்று நான்கு காட்சிகள் எஞ்சியிருக்கலாம். ஆசிரியையின் முகங்கூடப் பலருக்கு நினைவில் இராது.

பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு மோதிரத்தின் கதை வருகிறது. அதனை அணிந்து திருப்பினால் அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தோன்றான். அத்தகைய மோதிரத்தைப் பெற்ற இடையன் ஒருவன் அரசனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றுகிறான். பிடிபடும் அச்சம் நீங்கிய பின்னரும் எவனேனும் நீதியுடன் நடப்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. மெய்யியல் வகுப்பில் நாம் இதனைக் கற்பனையான சோதனையாகவே கற்கிறோம். ஆனால், தம்மைத் தெரிந்தெடுக்காத, முறையிட இயலாத, நினைவில் வைத்திராத 24 பேரின் முன் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கும் ஒருவரின் விரலில் அம்மோதிரம் உண்மையாகவே இருக்கிறது. பாலர் வகுப்பு ஆசிரியையின் ஒழுக்கப் பிரச்சினை இங்கேயே தொடங்குகிறது.

பழைய மெய்யியலாளர் இதற்கு விடை கூறவில்லையா எனில், ஒரு பகுதி விடை கூறியுள்ளனர். ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அரசு பற்றி எழுதிய இரண்டாம் ஆய்வுரையில், பிள்ளைகள் முழுச் சமத்துவ நிலையிற் பிறப்பதில்லை எனினும் அச்சமத்துவத்துக்கு உரியோராகவே பிறக்கின்றனர் என்று வாதிட்டார். பெற்றோரின் அதிகாரத்தைக் குழந்தையைச் சுற்றும் துணிக்கு ஒப்பிட்ட அவர், வயதும் அறிவும் வளர வளர அது தளர்ந்து நீங்க வேண்டியதென்றார். யோன் ஸ்ருவாட் மில் 1859 ஆம் ஆண்டிற் சுதந்திரம் பற்றி எழுதியபோது, தமது கோட்பாடு அறிவு முதிர்ந்தோருக்கே உரியதென்று கூறிப் பிள்ளைகளை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தினார். இருவரும் பிள்ளைமீது அதிகாரம் ஏன் இருக்கலாம் என்பதை விளக்கினர். அவ்வதிகாரம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், நிறந்தீட்டும் வேளையில், இருவர் ஒரே சிவப்புக் கோலைப் பற்றி இழுக்கும்போது எவ்வாறு கையாளப்படுதல் வேண்டும் என்பதற்கு அவ்விளக்கம் போதுமானதாக இல்லை. நன்மைக்காகவே கண்டிக்கிறேன் என்று கூறாத ஆசிரியரை நான் கண்டதில்லை. நன்மை என்னும் சொல் எல்லாச் செயல்களையும் மூடக்கூடிய அகன்ற போர்வையாகும்.

நம்மிடையே வழங்கும் பழமொழி ஒன்றும் இங்கு ஆராயத்தக்கது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கூறிப் பாலர் வயதிற் கண்டிப்பை வற்புறுத்துவது நம் வழக்கம். பழமொழியின் உண்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எத்திசையில் வளைப்பது என்பதை மட்டும் கூறாது விட்டுள்ளது. ஐந்தில் வளைந்தது ஐம்பதிலும் அவ்வளைவுடனேயே நிற்கும் என்பது அதன் மறுபக்கம். எளிதில் வளைவது என்பதாலேயே வளைக்கும் கை மிகுந்த கவனத்துக்கு உரியதாகிறது. பழமொழி பிள்ளைக்கு விடுத்த எச்சரிக்கையாகவே இதுவரை வாசிக்கப்பட்டு வந்தது; அதனை வளைப்போருக்கு விடுத்த எச்சரிக்கையாகவும் வாசிக்கலாம்.

வளைக்குங் கை எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு நம் மரபிலேயே ஓர் உருவகம் உண்டு. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, மடியில் இருத்திய பிள்ளையின் விரலைப் பெரியவர் பற்றிப் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்கிறார். அக்கணத்தில் எழுதுவது யாருடைய விரல்? வலிமை பெரியவருடையது, விரலோ பிள்ளையினுடையது. அழுத்திப் பற்றினால் விரல் நோகும். பற்றாது விட்டால் எழுத்து உருவாகாது. அப்பிடி என்றேனும் விடப்படும் என்பதே அச்சடங்கின் பொருள். பற்றிய கையை என்றுமே விடாத ஒருவர் எழுத்தைக் கற்பித்தவர் ஆகார். லொக் துணியின் உவமையாற் கூற முயன்றதை இச்சடங்கு நமக்குக் கண்முன் காட்டுகிறது.

இனி, பிடி அழுத்தமாகவே நீடித்தால் விளைவது யாது என்பதை நோக்குவோம். எனது வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அவள் எதற்கும் மறுத்ததில்லை. எவருக்கும் தொல்லை தந்ததில்லை. கைவேலைக்குத் தாள் வழங்கும்போது, "சிவப்பு வேணுமோ, நீலம் வேணுமோ?" என்று அவளிடம் கேட்டேன். "ஓம் ரீச்சர்" என்றாள். மீண்டும் கேட்டேன். மீண்டும் "ஓம் ரீச்சர்" என்றாள். வினாவில் ஒரு தெரிவு இருக்கிறது என்பதே அவளை எட்டவில்லை. பெரியவர் வாய் திறந்தால் இசைய வேண்டும் என்பதை மட்டும் அவள் நன்கு கற்றிருந்தாள். எந்த வகுப்பிலும் இத்தகைய பிள்ளை நல்ல பிள்ளை என்று புகழப்படும். அவளுடைய கீழ்ப்படிவில் அவளுடைய இசைவு சிறிதேனும் இருந்ததா என்பது ஐயத்துக்குரியது. மறுக்கத் தெரியாத ஒருவரின் இசைவுக்கு ஒழுக்கவியலில் மதிப்பு யாது என்ற பழைய வினா, ஒரு நிறத் தாளின் வடிவில் அன்று என் முன்னே வந்து நின்றது.

பிள்ளைகளுக்கு விதியும் நீதியும் ஒன்றே, பெரியவர் விதித்ததே அவர்களுக்குச் சரி என்று கூறுவோர் உளர். சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே 1932 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு ஓரளவு இடந்தந்தது. போளை விளையாடும் சிறுவரை உற்றுநோக்கிய அவர், இளம் பிள்ளைகள் விதிகளை மாற்றமுடியாத புனிதப் பொருளாகக் கருதுகின்றனர் என்றும், ஒத்தவயதினரோடு கூடி விளையாடும் பழக்கத்தாலேயே விதி என்பது இசைவால் ஆவது என்பதைப் பின்னர் உணர்கின்றனர் என்றும் கண்டார். ஆனால் 1970களிலிருந்து எலியட் ரூரியலும் அவர் வழிவந்தோரும் நிகழ்த்திய ஆய்வுகள் இப்படத்தைத் திருத்தின. 1981 ஆம் ஆண்டில் யூடித் ஸ்மெற்றானா வெளியிட்ட ஆய்வில், முன்பள்ளி வயதுப் பிள்ளைகளே இருவகை விதிகளை வேறுபடுத்தினர். பொருள்களை உரிய இடத்தில் வைத்தல் போன்றவை பாடசாலையின் விதிகள். அவ்விதி இல்லையெனில் அவை தவறாகா. மற்றொரு பிள்ளையை அடிப்பதோ விதி இல்லாவிடினும் தவறே. ஆசிரியையின் சொல்லுக்கு அப்பாலும் ஒரு சரி பிழை உண்டென்பதை நான்கு வயதுப் பிள்ளை உணர்கிறது. மோதிரக் கதையில் எவரும் காணவில்லை என்று நாம் எண்ணிய இடத்தில், உண்மையில் ஒரு சாட்சி அமர்ந்திருக்கிறது. அச்சாட்சிக்குச் சொல் வாய்க்கவில்லை, நினைவு நிலைக்கவில்லை, ஆனால் கண் திறந்தே இருக்கிறது.

இதற்கு ஒரு சிறு சான்று. நாங்கள் பணியாற்றிய வகுப்பறைக்குட் பாதணியுடன் வரலாகாது என்பது விதி. பிள்ளைகள் தம் செருப்புகளை வாயிலில் வரிசையாக விட்டு வருவர். ஒரு நாள் மூத்த ஆசிரியை செருப்புடன் நின்றதைக் கண்ட சிறுவன் ஒருவன், "ரீச்சர், நீங்கள் மட்டும் ஏன் செருப்போட நிக்கிறீங்கள்?" என்று கேட்டான். குரலிற் குறும்பு இல்லை. அறியும் ஆவலே இருந்தது. அவருக்குப் பல மறுமொழிகள் இருந்தன. பெரியவர்களிடம் அவ்வாறு கேட்கலாகாது என்று கூறியிருக்கலாம். தம் காலில் நோவு என்று கூறியிருக்கலாம். அவர் யாதும் கூறாது எழுந்து சென்று செருப்பை வாயிலிற் கழற்றிவிட்டு வந்து பாடத்தைத் தொடர்ந்தார். ஒழுக்கவியலில் நான் படித்த பல பக்கங்கள் அச்செயலில் அடங்கியிருந்தன. விதி விதித்தவரையும் கட்டும் என்பதை அச்சிறுவன் அன்று கற்றான். அந்நிகழ்ச்சியை அவன் மறந்துவிடுவான். ஆனால் கேட்கலாம் என்பதையும், கேட்டால் உலகம் இடிந்துவிடாது என்பதையும் அவனது உள்ளம் தனதாக்கிக்கொண்டிருக்கும்.

நிகழ்ச்சி மறைந்து அதன் வடிவம் எஞ்சுகிறது என்பதற்குப் பிள்ளைகளின் விளையாட்டே சான்று தருகிறது. இடைவேளைகளில் அவர்கள் பாடசாலை விளையாட்டு விளையாடுவர். ஒருத்தி ஆசிரியை ஆவாள். ஏனையோர் வரிசையில் அமர்வர். எங்கள் வகுப்பறையிற் பிரம்பு என்ற பொருளே இருந்ததில்லை. ஆயினும் ஆசிரியையாக நடிக்கும் பிள்ளை முதலில் தேடியது ஒரு தடியை. அதனைத் தரையில் தட்டி, "வாயை மூடு" என்பதே அவளது முதற் பாடம். அதனை அவள் வீட்டிற் கண்டாளோ, அண்ணன்மாரின் பேச்சிற் கேட்டாளோ அறியேன். அதிகாரம் என்றால் கையில் தடி ஏந்துவது, பிறரை வாய்பேசாது இருத்துவது என்ற கருத்து ஐந்து வயதுக்கு முன்னரே அவளிடம் குடிகொண்டுவிட்டது. அதனை எங்கிருந்து பெற்றாள் என்பதை அவள் வளர்ந்த பின்னர் எவராலும் கூறமுடியாது. நினைவிலுள்ளதை ஆராயலாம், மறுக்கலாம். நினைவின்றிப் படிந்ததை ஆராய்வது அரிது. மறதி ஆசிரியையின் பொறுப்பைக் குறைப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது பொறுப்பைப் பெருக்குகிறது.

இவ்வுண்மையை ஆசிரியரினும் ஆட்சியாளர் முன்னரே உணர்ந்திருந்தனர் போலும். பிரெடெரிக் புரோபெல் 1837 ஆம் ஆண்டில் யேர்மனியின் பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரிற் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840 இல் அதற்குச் சிறுவர் தோட்டம் எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைச் சூட்டினார். விளையாட்டே அவ்வயதின் உயர்ந்த தொழில் என்பது அவரது கொள்கை. 1851 ஆம் ஆண்டிற் பிரஷ்ய அரசு இத்தோட்டங்களைத் தடைசெய்தது. சமயத்துக்கும் அரசுக்கும் மாறான கருத்துகளை அவை விதைக்கின்றன என்று அது ஐயுற்றது. அடுத்த ஆண்டிற் புரோபெல் காலமானார்; 1860 ஆம் ஆண்டு வரை தடை நீங்கவில்லை. மரக்கட்டைகளையும் பந்துகளையும் வைத்து விளையாடும் பாலரைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும், எதிர்காலக் குடிமகன் அதிகாரத்தை எவ்வாறு காண்பான் என்பது அங்கே உருவாகிறது என்று கருதியமட்டில் அவ்வரசின் கணிப்புப் பிழையானதன்று.

இதுவரை கூறியதைக் கொண்டு ஆசிரியை தம் அதிகாரத்தைக் கைவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுதல் வேண்டும் என்று எவரேனும் கொள்வராயின் அது தவறாகும். அதிகாரம் பின்வாங்கிய இடத்தை வலிமை நிரப்பிக்கொள்ளும். "நீ எங்களோட விளையாட வரக்கூடாது" என்னும் தீர்ப்பு நாள்தோறும் மணற்பரப்பில் வழங்கப்படுகிறது. அதற்கு மேன்முறையீடு இல்லை. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாடசாலையிற் பாலர் வகுப்பு ஆசிரியையாக விளங்கிய விவியன் பேலி, விளையாட வரலாகாது என்று எவரும் எவருக்கும் கூறலாகாது என்ற ஒரே விதியைத் தம் வகுப்பில் நிறுவியதைப் பற்றி 1992 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நட்பைச் சட்டத்தால் விதிக்கலாமா என்னும் கடினமான வினா அதில் எழுகிறது. நமக்கு முக்கியமானது அவர் கைக்கொண்ட முறை. விதியை அறிவிக்கு முன் அவர் தம் பிள்ளைகளோடு அதனைப் பலநாள் விவாதித்தார். மேல்வகுப்பு மாணவரிடமும் சென்று அது நியாயமானதா, நடைமுறைக்கு ஏற்றதா என்று கேட்டார். ஒதுக்கப்பட்ட பிள்ளையைக் காப்பதற்காக அவர் அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. அதற்குக் காரணங்காட்டும் கடமையிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ளவுமில்லை.

காரணங்காட்டும் கடமையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் போலந்து நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கோர்ச்சாக். 1912 ஆம் ஆண்டு முதல் வார்சோ நகரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லமொன்றை நடத்திய அவர், அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் மன்றொன்றை அமைத்தார். அதன் சட்டக்கோவையிற் பெரும்பாலான பிரிவுகள் மன்னிப்பையே விதித்தன. ஆசிரியர்மீதும் அங்கே வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக் தாமே ஒரு தடவைக்கு மேல் அம்மன்றின் முன் நின்றார். அங்கிருந்த பிள்ளைகள் பாலரினும் மூத்தோராகையால் அம்முறையை அவ்வாறே பாலர் வகுப்பிற் கையாளுதல் இயலாது. ஆயினும் அதன் உட்பொருள் வயதைக் கடந்தது. என்னைக் கேள்வி கேட்கும் வழியை, கேட்க இயலாதவருக்கு நானே அமைத்துத் தருதல் வேண்டும் என்பதே அது. 1942 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நாசிகள் ஏறத்தாழ 200 பிள்ளைகளைத் திரெப்லிங்கா மரண முகாமுக்குக் கொண்டுசென்றபோது, தாம் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை ஏற்க மறுத்து அவர்களோடு அவர் சென்றார். மன்றின் முன் நின்றதும் பிள்ளைகளுடன் சென்றதும் வெவ்வேறு மனங்களின் செயல்களல்ல.

இத்தகைய பெருஞ் சோதனை நமக்கு வாய்ப்பதில்லை. பயிற்சி ஆசிரியர் முன் நிற்கும் சோதனை மிகச் சிறியது. ஆதலாலேயே கண்ணுக்குத் தப்பிவிடுவது. மேற்பார்வையாளர் வகுப்புக்கு வருகிறார். பின்புறத்தில், பிள்ளைகளுக்குரிய சிறு கதிரையில், மதிப்பீட்டுத் தாளுடன் அமர்கிறார். வகுப்பு ஒழுங்கு என்பதற்கு அத்தாளிற் புள்ளி உண்டு. அமைதியான வகுப்பு ஒழுங்கான வகுப்பாகத் தோன்றும். அக்கணத்தில் ஒரு பிள்ளை எழுந்து பாடத்துக்குப் புறம்பான, ஆனால் தனக்கு மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல விழைகிறது. தன் வீட்டு ஆடு குட்டி ஈன்றதைப் பற்றி இருக்கலாம். அதனை அமர்த்தினாற் புள்ளி, கேட்டால் இழப்பு. எந்த மனிதரையும் வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785 ஆம் ஆண்டிற் கான்ற் வகுத்த விதியைத் தேர்வுத்தாளில் விளக்கி எழுதுவது எளிது. இருபத்துநான்கு பிள்ளைகளும் என் பட்டத்துக்கான கருவிகளா என்னும் வினாவாக அது வகுப்பறையில் எழும்போதே அதன் கூர்மை விளங்குகிறது. ஆட்டுக்குட்டியைப் பற்றிய இரண்டு நிமிடத்தை வழங்கும் ஆசிரியர் ஒழுங்கைக் கெடுத்தவராகார். ஒழுங்கு எதன்பொருட்டு என்பதை மறவாதவராவார்.

இவற்றுக்கு எதிராகக் கூறப்படும் தடைகள் இரண்டை நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். முதலாவது, ஒவ்வொன்றுக்கும் காரணங்காட்டிக்கொண்டு 24 பிள்ளைகளை வழிநடத்த இயலாது என்பது. தெருவை நோக்கி ஓடும் பிள்ளைக்குக் காரணம் சொல்லிக்கொண்டு நிற்பவர் மூடரே. முதலிற் பற்றிப் பிடித்தல் வேண்டும். காரணத்தைப் பின்னரும் கூறலாம். ஆனால் பின்னரேனும் கூறுதல் வேண்டும். காரணம் இருப்பதும் அதனை உடனே உரைப்பதும் வேறு. ஆசிரியை தமக்குத் தாமேயும் கூறிக்கொள்ள இயலாத காரணத்தால் ஒரு பிள்ளையை அடக்குவாராயின், அங்கே குறைவது நேரம் அன்று.

இரண்டாவது தடை மரபின் பெயரால் எழுவது. குருவைத் தெய்வத்துக்கு அடுத்த படியில் வைத்த பண்பாட்டில், ஆசிரியர் பிள்ளைக்குக் கணக்கொப்புவிப்பதா என்று கேட்பர். மரபு குருவை உயர்த்தியது மெய். உயரம் பொறுப்பின் அளவே அன்றி விலக்கு அன்று. மேலும், குருவை நாடிச் சென்ற மாணாக்கன் தானே அவரைத் தெரிந்து, அவரிடம் இருப்பதைப் பெறும்பொருட்டுப் பணிந்தான். பாலர் வகுப்புப் பிள்ளை எவரையும் நாடி வரவில்லை. தாயின் கையிலிருந்து பிரிக்கப்பட்டு அழுதுகொண்டு வந்தது. தெரிந்து பணிந்தவனிடம் பெறக்கூடிய பணிவை, தெரியாது வந்த பிள்ளையிடம் உரிமையாகக் கோரலாகாது. அதனை ஈட்டுதல் வேண்டும்.

ஆகவே, கேட்கப்படாத கணக்கை ஆசிரியை தாமே ஒப்புவித்தல் எவ்வாறு? மூன்று சோதனைகளை எண்ணிப் பார்க்கலாம். முதலாவது, நான் விதிக்கும் விதியின் காரணத்தை இப்பிள்ளைக்குப் புரியும் சொற்களிற் பொய்யின்றிக் கூற இயலுமா? இரண்டாவது, அவ்விதி என்னையும் கட்டுமா, கட்டாதெனில் அவ்வேறுபாட்டுக்கு நியாயம் உண்டா? மூன்றாவது, இப்பிள்ளையின் தாய் சாளரத்தருகே நின்றாலும் இதனை இதே குரலிற் கூறுவேனா? பெற்றோர் வாயிலில் வந்து நிற்கும் நண்பகல் வேளையில் வகுப்பறைக் குரல்கள் மென்மையாவதை எவரும் கவனிக்கலாம். அம்மென்மைக்கும் முற்பகற் குரலுக்கும் இடையிலுள்ள தூரமே அம்மோதிரத்தின் அளவு. இச்சோதனைகள் எதற்கும் உபகரணமோ பணமோ தேவையில்லை.

நம் நாட்டின் நிலையில் இதற்குச் சிறப்பான தேவையுண்டு. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் கொள்கை கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இக்கட்டுரையை எழுதுபவரும் வாசிப்போரிற் பலரும் அதன் பயனை நுகர்ந்தவர்கள். ஆனால் ஐந்து வயதுக்கு முற்பட்ட பிள்ளைகள் செல்லும் முன்பள்ளிகள் பெரும்பாலும் முறைசார் பாடசாலை அமைப்புக்கு வெளியே, சமய நிறுவனங்களாலும் ஊர்ச் சங்கங்களாலும் தனியாராலும் நடத்தப்படுகின்றன. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையை விலக்கியது. இவை பெறுமதியானவை. எனினும், சட்டம் பிரம்பைப் பறிக்கலாம். குரலின் தொனியையும், ஏளனப் பார்வையையும், ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் எப்போதும் இறுதியில் அழைக்கும் பழக்கத்தையும் எந்தச் சுற்றறிக்கையும் எட்டாது. அவ்விடத்தில் ஆசிரியையின் மனச்சான்று ஒன்றே காவல்.

1983 முதல் 2009 வரை நீண்ட போரைக் கண்ட நாட்டில், அதிகாரம் என்றால் என்ன என்பதைப் பற்றி ஒவ்வொரு தலைமுறையும் எங்கிருந்து கற்கிறது என்பது சிறு வினாவன்று. அரசியலை நாம் பல்கலைக்கழகத்திற் கற்பதாக எண்ணுகிறோம். கேள்வி கேட்கலாமா, விதி எல்லோரையும் கட்டுமா, வலியவன் மெலியவனை ஒதுக்கும்போது எவரேனும் குறுக்கிடுவரா என்னும் அதன் முதற் பாடங்கள் பாயில் அமர்ந்திருந்த காலத்திலேயே முடிந்துவிடுகின்றன. அப்பாடங்களைக் கற்பிப்போர் சமுதாயத்தில் மிகக் குறைந்த ஊதியமும் மிகக் குறைந்த மதிப்பும் பெறுவோருள் அடங்குவர். கல்வியியல் பயிலும் நம்மிற் பலர் அவ்வகுப்பைக் கடந்து செல்ல வேண்டிய படியாகவே கருதுகின்றனர். அக்கருத்தை மீள ஆராய்தல் நன்று.

நல்ல பாலர் வகுப்பு ஆசிரியையைப் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. அரிசியில் தன் விரலைப் பற்றிய கையின் சூட்டை எவர் நினைவில் வைத்துள்ளார்? எழுதத் தெரிகிறது என்பது மட்டும் எஞ்சுகிறது. அதுபோல, தனக்கு மேலே இருப்பவரை அச்சமின்றி நிமிர்ந்து நோக்கவும், தனக்குக் கீழே இருப்பவருக்குக் காரணங்கூறவும் ஒருவருக்குத் தெரிந்திருக்குமாயின், அவர் மறந்துவிட்ட ஒருவர் தம் கடமையைச் செய்திருக்கிறார் என்று கொள்ளலாம்.